ரசிகர் உடைமையா, ரசிகர் கொடையா? கார் பந்தயச் சொற்கள் சில

அனைவருக்கும் வணக்கம்.

கார் பந்தயத்தின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடி, ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி அண்ணா ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். அதில் பெரும்பாலான சொற்களோடு எனக்குச் சண்டையில்லை. இரண்டு இடத்தில்தான் இடிக்கிறது. ரசிகர்கள் காசு போட்டு ஒரு பந்தய அணியைத் தாங்குவதற்கு 'ரசிகர் உடைமை' என்று போட்டிருக்கிறார். அணிகள் ஆண்டுக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற விதிக்கு, ஆங்கிலத்தின் 'காஸ்ட் கேப்' என்பதை அப்படியே பெயர்த்து, 'செலவுத் தொப்பி'. இரண்டாவதை விளையாட்டாகத்தான் போட்டிருப்பார் என்று நம்புகிறேன்.

முதலில் உடைமை. ஃபார்முலா ஒன் என்ற உலகக் கார் பந்தயத் தொடரில் ஓடிய கேட்டர்ஹாம் அணி 2014 அக்டோபரில் நொடித்துப்போய், அப்படிப்பட்ட நிறுவனங்களைக் கவனிக்க அமர்த்தப்படும் நிர்வாகி ஒருவர் கைக்குப் போனது. அமெரிக்கா, பிரேசில் பந்தயங்களுக்கு அணி போகவே இல்லை. கடைசிப் பந்தயமான அபுதாபிக்காவது போய்விட வேண்டும் என்று நிர்வாகி இணையத்தில் துண்டேந்தினார். கேட்டது 23.5 லட்சம் பவுண்டு. முழுதும் சேரவில்லை, ஆனாலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் விழுந்தது. இரண்டு கார்களும் களத்தில் இறங்கின. ஓட்டுநர்களில் கொபயாஷி பாதியில் நின்றுவிட்டார், வில் ஸ்டீவன்ஸ் பதினேழாவதாக வந்து முடித்தார். காசு போட்டவர்களுக்குத் தொகைக்கு ஏற்றபடி நினைவுப் பொருள் உண்டு, அணியில் பங்கு கிடையாது. அடுத்த ஆண்டு அணியின் தட்டுமுட்டுச் சாமான் வரை ஏலத்துக்குப் போனது. அப்போது அந்த ரசிகர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. இதைப் போய் உடைமை என்று எழுதினால் படிக்கிறவர் ஏமாந்துபோவார். இதற்கு 'ரசிகர் கொடை' போதும். 'திரள்நிதி' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் 'ரசிகர் திரள்நிதி' என்றாலும் எனக்குச் சம்மதம்.

சரி, பங்கே கொடுத்தால் உடைமை ஆகிவிடுமா? அங்கேதான் சிக்கல். 2017இல் லிபர்ட்டி மீடியா என்ற அமெரிக்க நிறுவனம் ஃபார்முலா ஒன்னை வாங்கியது. அதன் பேரில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் விற்கிற பங்கை உங்களைப்போல் என்னைப்போல் யாரும் வாங்கலாம். ஆனால் அதில் 'சி' வகைப் பங்குக்கு வாக்கு இல்லை. விலை ஏறினால் லாபம், இறங்கினால் நஷ்டம், அவ்வளவுதான். எந்த ஊரில் பந்தயம், பரிசுப் பணத்தை அணிகளுக்கு எப்படிப் பிரிப்பது என்றெல்லாம் வாய் திறக்க முடியாது. இதற்கு நேர்மாறாக அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே பேக்கர்ஸ். 1923இலிருந்து ஊர்க்காரர்களுக்கும் ரசிகர்களுக்கும் பங்கு விற்று நடக்கிற அணி அது. கடைசியாக விற்றபோது ஒரு பங்கு 300 டாலர். ஈவுத்தொகை சல்லிக்காசு கிடையாது, வெளிச்சந்தையில் விற்கவும் முடியாது. ஆனால் இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்க வாக்கு உண்டு. ஒன்றில் காசு உண்டு, குரல் இல்லை. மற்றதில் குரல் உண்டு, காசு இல்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் எப்படி?

இங்கே கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இதைப் புரியவைக்கப் பால் சங்கத்தைச் சொன்னால் போதும். விடிகாலையில் இருபது மாடு வைத்திருக்கிற ஒருவர் கேன் கேனாக இறக்குவார். அவருக்குப் பின்னால் ஒரு பாட்டி தூக்குச்சட்டியில் ஒன்றரை லிட்டரோடு நிற்பார். இரண்டு பேர் பாலிலும் ஒரே மாதிரிதான் மாதிரி எடுத்துக் கொழுப்புப் பார்ப்பார்கள். காசு மட்டும் பாலுக்குத் தக்கபடி. ஆனால் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் மாட்டுக்காரருக்கும் ஒரு கைதான், பாட்டிக்கும் ஒரு கைதான். ஆளுக்கொரு வாக்கு என்ற இந்த முறையில் ஒரு பந்தய அணி நடந்தால் அதை 'ரசிகர் கூட்டுடைமை' என்று சொல்லலாம். பங்குக்குத் தக்க வாக்கு என்றால் 'ரசிகர் பங்குடைமை'. வாக்கே இல்லாவிட்டால் வெறும் முதலீடு, அதில் 'ரசிகர்' என்ற அடைமொழியே தேவையில்லை.

பங்கு என்பதற்கு எங்கள் பக்கத்தில் மலையாளச் சாயலில் 'ஓகரி' என்பார்கள், அண்ணா பக்கத்தில் தெலுங்கின் 'வாட்டா' கேட்கும். இரண்டும் பேச்சோடு இருக்கட்டும், எழுத்தில் பங்கே நல்லது. ஆனால் பட்டியலில் இருக்கும் 'ரசிகப் பங்காளி' மட்டும் வேண்டாம் அண்ணா. பங்காளி என்றாலே எங்களுக்கு வரப்புத் தகராறுதான் நினைவுக்கு வரும். பங்குதாரர் என்றே இருக்கட்டும். ரசிகருக்கு யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன 'விசிறி'யும் இங்கே கரண்டு போனால் தேடுகிற சாமானாகத்தான் படும்.

இனி தொப்பி. ஃபார்முலா ஒன்னில் இந்த விதி 2021இல் வந்தது. முதலில் பேசிய 17.5 கோடி டாலரை, கொரோனா நெருக்கடிக்குப் பின் 14.5 கோடியாகக் குறைத்தார்கள். அடுத்த ஆண்டு 14, அதற்கடுத்து 13.5 என்று இறங்கியது. பந்தய எண்ணிக்கை, விலைவாசிக்காகச் சில திருத்தங்கள் தனி. இதற்கு நம்மிடம் அச்சு வார்த்தாற்போல ஒரு சொல் இருக்கிறது: உச்சவரம்பு. தமிழ்நாட்டில் 1961இல் குடும்பத்துக்கு 30 தரநிலை ஏக்கர் என்று வந்து, 1970இல் 15 ஆன நில உச்சவரம்பை அறியாத சம்சாரி இல்லை. 'செலவு உச்சவரம்பு' என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

இந்தச் சொல்லை நான் விடாப்பிடியாகக் கேட்பதற்கு வேறு காரணமும் உண்டு. உச்சவரம்பு என்றதும் எல்லைக்காரர்கள் அடுத்துக் கேட்பது, 'யாருக்கு விலக்கு?' என்றுதான். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் தோட்டங்களுக்கு விலக்கு. தேயிலை, காப்பி, ரப்பர் போட்ட நிலம் கணக்கில் வராது. எங்களுக்குத் தென்மேற்கே நெல்லியாம்பதி மலைத் தோட்டங்களைப் பார்த்தாலே அது விளங்கும். பந்தயத்திலும் அதே கதைதான். ஓட்டுநர் சம்பளம், விளம்பரச் செலவு, அதிகச் சம்பளம் வாங்கும் மூன்று பேரின் ஊதியம் எல்லாம் வரம்புக்கு வெளியே. முதல் ஆண்டுக் கணக்கிலேயே ரெட் புல் அணி வரம்பைத் தாண்டியது. 70 லட்சம் டாலர் அபராதம், கார் மேல் காற்று பாயும் விதத்தைப் பார்க்கும் காற்றியக்கச் சோதனை நேரத்தில் 10 சதவீத வெட்டு. அந்த வெட்டுதான் உறைக்கிற தண்டனை. காசுள்ள அணிக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்கு, போன சோதனை நேரத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

ஆகவே அண்ணா, பட்டியலில் 'செலவு உச்சவரம்பு' என்று திருத்தும்போது அதற்குக் கீழேயே 'உச்சவரம்பு விலக்கு' என்பதையும் தனிச் சொல்லாக ஏற்றிவிடுங்கள். 'வரம்பு மீறல்' சிறிது, பெரிது என்று விதியிலேயே இரண்டு இருக்கிறது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் சிறிது. அதற்கு யாராவது நல்ல சொல் வைத்திருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து