குனியோஷியின் பேரெலும்புக்கூட்டுக்கு மாதிரி எது?

வணக்கம். ஜப்பானிய ஓவியர் உத்தாகவா குனியோஷி 1844 வாக்கில் மூன்று தாள்களில் வடிவமைத்த மரச்செதுக்கு அச்சோவியத்தில், கலகம் செய்து மாண்ட தாய்ரா நோ மசகாதோவின் மகள் தகியாஷா, சுருளைப் பிரித்து மந்திரம் ஓதி, வீரன் மித்சுகுனியின் மேல் பேரெலும்புக்கூடு ஒன்றை ஏவுகிறாள். இதற்கு அடிப்படையாக 1806இல் சாந்தோ கியோதென் எழுதிய கதையில் வருவதோ எலும்புக்கூடுகளின் கூட்டம். அதை ஒரே பேருருவாக்கிய ஓவியரின் துணிச்சல், என் பார்வையில், கதையையே விஞ்சிவிடுகிறது. விலா எலும்புகள் அவ்வளவு திருத்தமாக அமைந்திருப்பதால், அவர் மேலைநாட்டு உடற்கூறியல் படங்களைப் பார்த்திருக்க வேண்டும் என்று கருதுவோர் பலர். டச்சு நூலைத் தழுவி 1774இல் வெளியான ஜப்பானிய உடற்கூறியல் நூலான கைதாய் ஷின்ஷோவின் எலும்புப் படங்களோடு இவ்வோவியத்தை ஒப்பிட்ட ஆய்வு எதையேனும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். ஜப்பானிய மொழியில் இருப்பினும் தடையில்லை.