ரிவ்யூ எழுத 5,000 ரூபா தர்றாங்களாம், ஆனா "விளம்பரம்"னு போடக்கூடாதாம்... எழுதலாமா?

கரிசல்டெக்:

வணக்கம் நண்பர்களே. நாலு வருஷமா தமிழ்ல ஒரு டெக் ப்ளாக் நடத்துறேன், ஊர் கோவில்பட்டி பக்கம். ஒரு நாளைக்கு எழுநூறு எண்ணூறு பேர் வருவாங்க, முக்காவாசி கூகுள்ல தேடி வர்றவங்க தான். கூகுளோட விளம்பரம், அதான் ஆட்சென்ஸ்ல வர்றது டொமைனுக்கும் நெட் பில்லுக்குமே சரியா போயிடும்.

போன வாரம் ஒரு ஏஜென்சில இருந்து மெயில். ஒரு வெப் ஹோஸ்டிங் கம்பெனி (சைட்டுக்கு நெட்ல இடம் வாடகைக்கு விடறவங்க) பத்தி 800 வார்த்தைல ரிவ்யூ எழுதணும், அவங்க சொல்ற வார்த்தைல ரெண்டு லிங்க் வைக்கணும், ரெண்டும் டூஃபாலோ (அந்த சைட்ட கூகுள்ல மேல கொண்டு வர உதவற சாதா லிங்க்). குறைன்னு ஏதாவது சொல்லணும்னா ஒண்ணே ஒண்ணு, அதுவும் லேசா. "ஸ்பான்சர்டு", "விளம்பரம்" எதுவும் எங்கயும் வரக்கூடாது, போடறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட காட்டி ஓகே வாங்கணும். 5,000 ரூபா, பதிவு போட்ட பத்து நாள்ல ஜிபேல வந்துடும்.

உண்மைய சொல்லணும்னா எனக்கு அது மூணு மாச ஆட்சென்ஸ் காசு, தங்கச்சிக்கு செமஸ்டர் ஃபீஸ் வேற கட்டணும். ஆனா அந்த ஹோஸ்டிங்க நான் ஒரு நாள் கூட யூஸ் பண்ணதில்ல. டெமோ அக்கவுண்ட் கேட்டேன், "வெப்சைட்ல எல்லா விவரமும் இருக்கு, அத வச்சு எழுதுங்க"ன்னு பதில் வந்துச்சு. அதுல இருந்து மனசு ஒப்பல. இப்படி எழுதினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, என்ன ஆச்சு?

பழையபதிவர்:

தம்பி, நான் எழுதியிருக்கேன், அதனால சொல்றேன். தமிழ் ப்ளாக்கெல்லாம் ஒரே இடத்துல திரட்டிக் காட்டின தமிழ்மணம் சைட்டுல பதிவர்கள் எல்லாம் கூடிக்கிட்டிருந்த காலம் அது. தமிழ்ல எழுதினா காசு வராது, ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்ததே 2018ல தான், அதனால இங்கிலீஷ்ல தனியா ஒரு ப்ளாக் வச்சேன். 2006ல அமெரிக்காவுல பேபெர்போஸ்ட்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, கம்பெனிக்காரன் காசு போடுவான், ப்ளாகர் எழுதுவான், அதே மாதிரி இன்னும் நாலஞ்சு சைட் வந்துச்சு. அப்படி ஒண்ணுல சேந்து பதிவுக்கு அஞ்சு டாலர் பத்து டாலர்னு எழுதினேன். நான் எட்டிக்கூட பாக்காத சைட்டு, வாழ்க்கைல எடுக்காத லோன், எங்க ஊர்ல கிடைக்கவே கிடைக்காத க்ரெடிட் கார்டு, எல்லாத்தையும் "நான் யூஸ் பண்ணேன், அருமை"ன்னு எழுதினேன்.

2007 கடைசில கூகுள் லிங்க் விக்கறவங்கள புடிக்க ஆரம்பிச்சுது, பேபெர்போஸ்ட்ல எழுதின நிறைய பேரோட பேஜ்ரேங்க் (சைட்டுக்கு கூகுள் போடற மார்க்) ஒரே அடியா ஜீரோ ஆச்சு. ப்ரவுசர்ல போட்டிருந்த கூகுள் டூல்பார்ல அந்த மார்க் ஒரு பச்சை கோடா தெரியும், அந்தக் காலத்து ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். என்னோடது 3 இருந்துச்சு, ஒரு நாள் காலைல பாத்தா கோடு வெள்ளையா கிடக்கு. பேஜ்ரேங்க் போனதும் ஆஃபரும் நின்னு போச்சு. எழுத்து அதே எழுத்து, ஆளும் அதே ஆளு, ஒருத்தன் கூட திரும்பிப் பாக்கல. அப்பதான் உறைச்சுது, இத்தன நாளா அவங்க காசு குடுத்தது என் எழுத்துக்கு இல்ல, அதுல இருந்த லிங்குக்குன்னு. உனக்கு வந்த மெயில பாரு, டெமோ தர மனசில்ல, லிங்க் மட்டும் கணக்கா ரெண்டு வேணுமாம்.

ஊறுகாய்மல்லிகா:

நான் ப்ளாக் எழுதறவ இல்ல, படிக்கறவ. அம்மா போடற ஊறுகாய விக்க 2021ல ஒரு சைட் ஆரம்பிச்சேன். ஹோஸ்டிங்னா என்னன்னே தெரியாது, தமிழ்ல தேடினேன், மூணு ப்ளாக்ல ஒரே கம்பெனிய ஆஹா ஓஹோன்னு எழுதியிருந்தாங்க. மூணு பேரு சொல்றாங்களேன்னு நம்பி மாசம் 99 ரூபா கணக்குல ஒரு வருஷத்துக்கு 1,188 கட்டினேன். அடுத்த வருஷம் ரின்யூவல் மாசம் 399 ஆயிடுச்சு, மொத்தம் 4,788, ஜிஎஸ்டி தனி. மூணு ரிவ்யூல ஒண்ணுலயும் ரின்யூவல் ரேட் பத்தி ஒரு வரி கிடையாது. தீபாவளிக்கு முந்தின வாரம், ஆர்டர் குவியற நேரத்துல ரெண்டு நாள் சைட் படுத்துடுச்சு. "24 மணி நேர தமிழ் சப்போர்ட்"னு எழுதியிருந்தாங்க, சாட்ல இங்கிலீஷ்ல ஒரு டிக்கெட் நம்பர் வந்துச்சு, அவ்ளோதான்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி உக்காந்து மூணு பதிவையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சு படிச்சேன். மூணுலயும் "மின்னள் வேகம்"னு இருக்கு. மின்னல் இல்ல, மின்னள். யாரோ எழுதிக் குடுத்தத மூணு பேரும் அப்படியே ஒட்டியிருக்காங்க. ஸ்க்ரீன்ஷாட் எல்லாமே கம்பெனியோட முகப்புப் பக்கம் தான், லாகின் பண்ணி உள்ள போனா வர்ற டேஷ்போர்டு ஒண்ணு கூட இல்ல. இதெல்லாம் பாக்கணும்னு அன்னிக்கு எனக்குத் தெரியல. அந்த மூணு பேர்ல ஒருத்தர நான் ரெண்டு வருஷமா விடாம படிச்சவ, அப்பாவுக்கு மொபைல் வாங்கினதே அவர் பதிவப் பாத்துத்தான். அதுக்கப்புறம் அவர் பக்கம் போகல. கரிசல் தம்பி, உங்ககிட்ட வர்ற எழுநூறு பேர்லயும் என்ன மாதிரி ஒண்ணும் தெரியாம வர்றவங்க இருப்பாங்க.

எக்ஸெல்ஷீட்:

நான் இந்த மாதிரி ஒரு ஏஜென்சில அஞ்சு வருஷம் வேலை பாத்தேன், இப்ப இல்ல. உள்ள ஒரு ஷீட் இருக்கும், ப்ளாக் பேரு, டிஏ (சைட்டோட பலத்துக்கு ஒரு மார்க்), ட்ராஃபிக், ரேட், லைவ் லிங்க். ரிவ்யூவ படிக்கற ஆள் யாருமில்ல. பதிவு வந்ததும் ஒரு பையன் பேஜ் சோர்ஸ (பக்கத்துக்குப் பின்னாடி இருக்கற கோட்) திறந்து "நோஃபாலோ"ன்னு தேடுவான், அதாவது இந்த லிங்க கணக்குல எடுக்காதன்னு கூகுளுக்குச் சொல்ற குறி. அது இல்லன்னா ஷீட்ல அந்த வரிக்கு பச்சை கலர் அடிச்சு பேமெண்ட்டுக்கு அனுப்புவான்.

நோஃபாலோ 2005ல இருந்தே இருக்கு, காசு வாங்கின லிங்குக்குன்னே "ஸ்பான்சர்டு"ன்னு தனியா ஒரு குறிய 2019ல கூகுள் குடுத்துச்சு. ரெண்டுல எது போட்டாலும் பிரச்சனை இல்ல. எதுவும் போடாம மாட்டினா சைட்காரங்களுக்கு கூகுள் தர்ற சர்ச் கன்சோல்ல மேனுவல் ஆக்ஷன்னு தண்டனை வரும், முக்காவாசி ஆள் கூகுள்ல இருந்து வர்ற உங்க ப்ளாக்குக்கு அது வந்தா கடைய பூட்டினாப்ல தான்.

சட்டமும் இருக்கு ப்ரோ. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி தவறான விளம்பரத்துல பரிந்துரை பண்றவங்களுக்கும் 10 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம், திரும்பவும் பண்ணா 50 லட்சம் வரைக்கும். ஒரு வருஷம் எதையும் பரிந்துரை பண்ணக்கூடாதுன்னு தடையும் போடலாம். சரிபாத்துட்டுத்தான் சொன்னேன்னு காட்டினா தப்பிக்கலாம், ஆனா டெமோவே தராத சர்வீஸ எத வச்சு சரிபாத்தேன்னு காட்டுவீங்க? 2023 ஜனவரில மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு வழிகாட்டி விட்டாங்க, காசு மட்டுமில்ல, இலவசப் பொருள், டிஸ்கவுண்ட், ட்ரிப் எது வாங்கியிருந்தாலும் சொல்லணும், அதுவும் பதிவு எந்த மொழியோ அந்த மொழிலயே சொல்லணும். சின்ன ப்ளாக்க தேடி வந்து புடிப்பாங்கன்னு பயமுறுத்தல, ஆனா அவங்க போடாதன்னு சொல்றது சட்டம் போடுன்னு சொல்றத.

வைகைக்கரை:

எல்லாம் சரி, ஆனா காசு வாங்கி எழுதறதே பாவம்ங்கற மாதிரி போயிடக்கூடாது. உக்காந்து எழுதறதும் உழைப்பு தான். நான் ரெண்டு வருஷமா கடைக்கு யூஸ் பண்ற ஒரு ஆன்லைன் பில்லிங் சர்வீஸ் பத்தி காசு வாங்கி எழுதினேன், முதல் வரிலயே "இது விளம்பரப் பதிவு, 6,000 ரூபா வாங்கியிருக்கேன்"ன்னு போட்டேன், ஸ்டாக் கணக்கு எக்ஸ்போர்ட் பண்ணா தமிழ் எழுத்து கட்டம் கட்டமா வர்றதையும் எழுதினேன். கம்பெனி ஒண்ணும் சொல்லல, படிச்சவங்களும் திட்டல.

ஆனா இது சின்ன ப்ளாக்கோட முடியற விஷயமும் இல்ல. கேப் டெக்னாலஜீஸ்னு ஒரு கம்பெனி, சைபர்கோஸ்ட் மாதிரி விபிஎன் (நெட்ல நம்ம அடையாளத்த மறைக்கற சர்வீஸ்) எல்லாம் அவங்களோடது. 2021ல விபிஎன்மென்டார்ங்கற பெரிய விபிஎன் ரிவ்யூ சைட்ட நடத்தின கம்பெனியையே கிட்டத்தட்ட 15 கோடி டாலர் குடுத்து வாங்கினாங்க, அதே வருஷம் எக்ஸ்பிரஸ்விபிஎன்னையும் 93.6 கோடி டாலருக்கு வாங்கினாங்க. பரீட்சை எழுதறவனும் பேப்பர் திருத்தறவனும் ஒரே வீட்டுல இருந்தா படிக்கறவன் என்ன பண்ணுவான்? அட்லீஸ்ட் நாமளாவது முதல் வரில சொல்லிடணும்.

கரிசல்டெக்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து அவங்களுக்கு மெயில் போட்டேன். ஒரு மாசம் டெமோ வேணும், மேல "விளம்பரம்"னு போடுவேன், லிங்குக்கு ஸ்பான்சர்டு குறி போடுவேன், முன்னாடியே காட்ட மாட்டேன்னு. அரை மணி நேரத்துல பதில். "விளம்பரம்"ங்கறத கடைசில சின்னதா போட்டுக்கலாமாம், அப்படின்னா 3,000 தானாம், லிங்க்ல கை வச்சா டீலே கிடையாதாம். எக்ஸெல்ஷீட் அண்ணன் சொன்ன பச்சை கலர் ஞாபகம் வந்துடுச்சு. வேணாம்னு எழுதி அனுப்பிட்டேன். ஃபீஸுக்கு சித்தப்பாகிட்ட கேட்டிருக்கேன்.

மல்லிகா அக்கா, நீங்க சொன்னத வச்சு ஒரு பதிவு ஆரம்பிச்சிருக்கேன். ஆறு ஹோஸ்டிங் கம்பெனியோட முதல் வருஷ ரேட், ரின்யூவல் ரேட் ரெண்டையும் ஒரே டேபிள்ல போடப்போறேன். உங்க பில்ல பேரு நம்பர் எல்லாம் மறைச்சுட்டு அனுப்ப முடியுமா?

ஊறுகாய்மல்லிகா:

அனுப்பிட்டேன் தம்பி. 2021 பில்லும் 2022 பில்லும் ரெண்டும் இருக்கு, பக்கத்துல பக்கத்துல வச்சு போடுங்க.