மறு: செடேஷனுக்கு ‘அயர்வூட்டல்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். பரிசோதனையின்போது நோயாளி பதற்றமில்லாமல் இருக்க மருந்து கொடுத்து அரைத்தூக்க நிலைக்குக் கொண்டுபோவதுதான் செடேஷன். அதற்குத் தமிழில் ‘தணிவூட்டல்’, ‘மயக்க மருந்து’, ‘தூக்க ஊசி’, ‘அயர்வூட்டல்’ இவற்றில் எது சரிவரும் என்ற பேச்சுக்கு இது என் பதில்.

‘தணிவூட்டல்’ இலக்கணப்படி சரிதான். ஆனால் ரங்கூனில் எண்டோஸ்கோப்பிக்கு (குழாய் விட்டு உடலுக்குள் பார்க்கும் பரிசோதனை) வரும் ஒரு பாட்டியிடம் அதைச் சொன்னால், காய்ச்சலைத் தணிக்க ஊசி போடுகிறார்கள் என்றுதான் நினைப்பார். ‘மயக்க மருந்து’ பெரிய ஆபரேஷனுக்கு என்றே ஆகிவிட்ட சொல். தலைசுற்றலையும் மயக்கம் என்கிறோம். ஊசிக்கு அப்புறம் “மயக்கமா இருக்கா?” என்று கேட்டால் பாட்டி எதை நினைத்துப் பதில் சொல்வார்?

எனக்கு அதிகக் கவலை தருவது ‘தூக்க ஊசி’. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். செடேஷனுக்கான மிடசோலம் ஊசி போட்ட அப்பா பரிசோதனை முடிந்து வந்து குறட்டை விட்டால், “நல்லாத் தூங்குறார், விடு” என்று போர்வையை இழுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். நாக்கு பின்னால் சரிந்து மூச்சுவழி பாதி அடைபட்டாலும் அதே சத்தம்தான் வரும். மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால், மூச்சு குறைந்த பிறகும் விரலில் மாட்டிய, ரத்தத்தின் ஆக்சிஜனைக் காட்டும் மீட்டர் கொஞ்ச நேரம் நல்ல எண்ணையே காட்டும். வெளிமூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கருவிதான் முந்திச் சொல்லும்.

நடுத்தர அளவில் மருந்து கொடுத்தவர், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ தோளை லேசாகத் தட்டினாலோ சொன்னதைச் செய்ய வேண்டும். வலிக்கக் கிள்ளினால்தான் அசைகிறார் என்றால் ஆழம் கூடிவிட்டது. கூப்பிட்டால் விழிக்கிற அந்த நிலையைத்தான் ‘கண் அயர்ந்தேன்’ என்கிறோம். அயர்த்தலுக்கு மறத்தல் என்ற பொருளும் உண்டு. மிடசோலம் நடந்ததை மறக்கவும் வைக்கும். பர்மியர்கள் மயக்க மருந்தை ‘மே ஸே’, அதாவது மறதி மருந்து, என்பதால் இங்குள்ளவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

ஆகவே அயர்வூட்டல். அளவைச் சொல்ல லேசான அயர்வு, நடு அயர்வு, ஆழ்ந்த அயர்வு; அதற்கும் அப்பால் முழு மயக்கம். இவற்றுக்கு இடையே சுவர் கிடையாது. இளைஞருக்கு லேசாக இருக்கும் அளவே வயதானவரை ஆழத்துக்கு இழுத்துவிடும்.

அயர்வைப் போக்கக் கொடுக்கும் எதிர் மருந்துக்குத் ‘தெளிவு மருந்து’ என்ற பெயர் வேண்டாம். மிடசோலத்தை முறிக்கும் ஃப்ளுமாசெனில் மருந்தின் வேகம் மிடசோலத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். தெளிந்துவிட்டார் என்று டாக்சி பிடித்தால் வழியிலேயே மறுபடி அயர்ந்துவிடலாம். ‘முறிமருந்து’ போதும்.

துணைக்கு வருபவரிடம் தரும் தாளில் முதல் வரியாக இதை எழுத நினைக்கிறேன்: “அயர்வு ஊசி போட்டவரை அடிக்கடி பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பதில் இல்லாவிட்டால் உடனே நர்ஸை அழையுங்கள்.” இதைவிட எளிய சொல் இருந்தால், அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.