முட்டையைத் தண்ணீரில் தூவிவிடும் வளர்ப்பு மீன்களுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் சரிவருமா?

மாரிமழை:
சீப்ரா, பார்ப், டெட்ரா எதுவானாலும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் குஞ்சு எடுக்க நினைப்பது வீண் வேலை. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், அதனால் தண்ணீர் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் தொட்டிக்குள்ளும் கரைந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வையுங்கள். வேறு வழி இல்லை.

கோண்டாவில்_தொட்டி:
அண்ணை, எல்லா மீனுக்கும் ஒரே கணக்குப் போடுகிறீர்கள். சீப்ராவுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் தாராளம், நான் அதில்தான் குஞ்சு எடுக்கிறேன். ஆட்களுக்குச் சரிவராமல் போவது தண்ணீரால் இல்லை. போட்ட முட்டையைத் தாய் தகப்பனே தின்றுவிடும், அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. தொட்டியின் அடியில் போளையை (கண்ணாடிக் கோலிக்குண்டு) இரண்டு அடுக்காகப் பரப்புங்கள். முட்டை இடுக்குக்குள் விழுந்தால் வாய் எட்டாது. தண்ணீர் 10 முதல் 15 சென்ரிமீற்றர் உயரம் போதும், ஆழம் கூடினால் விழுகிற வழியிலேயே பிடித்துத் தின்னும். வயிறு உருண்ட பெண்ணையும் ஒல்லியான ஆண்களையும் பின்னேரம் விடுங்கள். விடிய வெளிச்சம் பட்டதும் துரத்தத் தொடங்கும். முட்டை போட்டு முடிந்ததும் பெரிய மீன்களை எடுத்துவிட வேண்டும். 28 பாகைச் சூட்டில் 2, 3 நாளில் பொரிக்கும்.

மாரிமழை:
சரி, சீப்ராவை விடுவோம். நியோன் டெட்ராவுக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்? அமேசன் பக்கத்து மென்னீர், அதாவது சுண்ணாம்பு குறைந்த தண்ணீர் மீன் அது. கடினமான தண்ணீரில் முட்டை போட்டாலும் பொரிக்காது. செரி பார்ப், பிளாக் ரூபி பார்ப் இரண்டும் எங்கள் நாட்டின் தென்மேற்கு ஈரவலய ஓடைகளுக்கே உரியவை, உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. தொட்டிக்காக ஓடையிலிருந்து அள்ளி அள்ளியே குறைந்துபோன மீன்கள். வீட்டில் குஞ்சு எடுப்பவர் அவற்றுக்கு ஏற்ற தண்ணீரையாவது கொடுக்க வேண்டாமா?

கோண்டாவில்_தொட்டி:
நியோனில் உங்களோடு வாதமில்லை. அதன் முட்டைக்கு வெளிச்சமும் ஆகாது, தொட்டியை மூடி வைக்க வேண்டும். ஆனால் கடையில் வாங்கும் செரி பார்ப் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தது, ஓரளவு கடினமான தண்ணீரிலும் முட்டை போடும். வெறும் மழைத்தண்ணீரும் ஆபத்துத்தான். சுண்ணாம்பு துளியும் இல்லாததால் பிஎச் திடீரென்று இறங்கி, தண்ணீர் அமிலமாகிவிடும்.

ஏழாலை_மீன்:
இடையில் ஒரு கேள்வி. குஞ்சுகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அவித்த முட்டை மஞ்சட்கரு போடலாமா?

கோண்டாவில்_தொட்டி:
இப்போது ஒன்றும் போடாதீர்கள் தம்பி. வயிற்றோடு ஒட்டியிருக்கும் தங்கள் முட்டைக் கருவையே அவை உண்ணும். நீந்தத் தொடங்கியதும் வைக்கோல் ஊறிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், அதிலுள்ள நுண்ணுயிர்தான் முதல் சாப்பாடு. கொஞ்சம் வளர்ந்த பிறகு ஆர்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறால் குஞ்சு. மஞ்சட்கரு வேண்டாம், ஒரே இரவில் தண்ணீரைக் கெடுத்துவிடும்.

மாரிமழை:
மஞ்சட்கருவில் கோண்டாவில் தம்பி சொல்வது சரி. வெறும் மழைத்தண்ணீர் ஆபத்து என்றால், செரி பார்ப்புக்குப் பாதி மழைத்தண்ணீர், பாதி கிணற்றுத் தண்ணீராவது வேண்டும், அதிலிருந்து நான் இறங்க மாட்டேன். கலந்தால் பிஎச்சும் விழாது. கூரையைக் கழுவி வரும் முதல் மழையை மட்டும் பிடிக்காதீர்கள்.