யப்பான்காரன் இறங்குவான் என்று நடுங்கிய நாட்கள்: பெரியப்பா சொன்னதும் நான் பார்த்ததும்

1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் தாக்கிய ஹெர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் எரிந்த புகையை மட்டக்களப்புக் கரையில் நின்று பார்த்தவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம்தான் அவர்களது வீடு. அப்போது அவர் மீசை முளைக்காத பையன்.

"பங்குனி வெயிலில் மாரி இடி மாதிரி கடலுக்குள்ளிருந்து முழங்கியது, மகன். மேகமே இல்லை. பிறகுதான் புகை தெரிந்தது" என்பார். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்களாம். வெயில் சாய்வதற்குள் "இன்று இரவு யப்பான்காரன் வாகரையில் இறங்குகிறான்" என்று ஊரெல்லாம் பேச்சு. பெண்களும் பிள்ளைகளும் நெல்மூட்டையும் பாயுமாகத் தோணி ஏறி, வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனார்கள். வீட்டைக் காக்க ஆண்கள் சிலர் மட்டும் மிஞ்சினார்கள்.

இதை வெறும் வதந்தி என்று தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த இரண்டு மாதச் செய்திகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8இல் ரங்கூன். மார்ச் 23இல் அந்தமான். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு. கோர்ன்வால், டோர்செட்ஷைர் என்ற இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் அன்றைக்கே கடலடியில். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. சென்னையிலிருந்து சனங்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அடுத்தது நாம்தான் என்று ஒரு மீனவக் கிராமம் நினைத்ததில் என்ன பிழை? பிரித்தானியரே அப்படித்தான் நினைத்தார்கள். கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலைக்கூட விமான ஓடுபாதையாக்கி வைத்திருந்தார்கள்.

தோக்கியோவில் நடந்தது வேறு. இலங்கையைப் பிடிக்கும் யோசனை யப்பானியக் கடற்படைக்குள் உண்மையாகவே இருந்தது. அதற்கு ஆள் தரத் தரைப்படை மறுத்துவிட்டது. சீனாவில் ஏற்கெனவே சிக்கியிருந்தார்கள். சோவியத் எல்லையிலும் படையை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. ஆகவே யப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோ ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்தது பிரித்தானியக் கடற்படையை அடித்து முடக்கத்தான், ஆளை இறக்க அல்ல. அந்த ஐந்தில் மூன்று, இரண்டே மாதத்தில் பசிபிக் கடலின் மிட்வேச் சண்டையில் மூழ்கின. இதெல்லாம் இன்று நமக்குத் தெரிகிறது. படுவான்கரையில் மரத்தடியில் படுத்திருந்தவர்களுக்கு யார் சொன்னது?

ஹெர்மிஸின் கதையும் மனதைப் பிசைவது. அதுவும் ஒரு விமானந்தாங்கிதான். தாக்குதல் வரும் என்ற எச்சரிக்கையில் முதல்நாள் இரவே திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வெளியேற்றியிருந்தார்கள். ஆனால் அதில் ஒரு விமானம்கூட இல்லை. திரும்பி வரும் வழியில் அகப்பட்டு, சிறிது நேரத்தில் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். பக்கத்தில் வந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கி எடுத்ததால்தான் மற்றவர்களில் பெரும்பாலானோர் பிழைத்தார்கள். கப்பலின் சிதைவு இன்னும் நம் கடலுக்குள்தான் கிடக்கிறது.

அதே காலையில் திருகோணமலையும் குண்டு வாங்கியது. அங்குள்ள சீனக்குடா எண்ணெய்க் குதங்களை, அதாவது எண்ணெய் சேமிக்கும் பெரிய தொட்டிகளை, பார்க்க எனக்கு ஒருமுறை அனுமதி கிடைத்தது. காட்டுக்குள் வரிசை வரிசையாகப் பிரமாண்டமான இரும்புக் குதங்கள். அவற்றின் நடுவே 91ஆம் இலக்கம் குதமாக இல்லை. தடித்த இரும்புத் தகடுகள் சூட்டில் இளகி, மடிந்து, உள்நோக்கிச் சரிந்து கிடக்கின்றன. கையை வைத்துப் பார்த்தேன். துருவுக்கு அடியில் விரல் தடிப்பத்துக்கு இரும்பு. யப்பானிய விமானம் ஒன்று அதன்மேல் வேண்டுமென்றே மோதியதாகவும், நாட்கணக்கில் எரிந்ததாகவும் அங்கே சொல்கிறார்கள். அந்த மடிப்புகளைப் பார்த்த பிறகு பெரியப்பாவின் கூற்றில் ஒரு சொல்லைக்கூட நான் சந்தேகிக்கவில்லை.

யப்பான்காரன் இறங்கவில்லை. ஆனால் அவன் பர்மாவைப் பிடித்ததே எங்கள் அடுப்பைத் தொட்டுவிட்டது. இலங்கை தின்ற அரிசியில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கப்பல் நின்றதும் பங்கீட்டுக் கூப்பன் வந்தது, கோதுமை மா வந்தது, மரவள்ளியும் குரக்கனும் தினச் சாப்பாடாகின. ஊர் ஊராகச் சங்கக்கடைகள் என்ற கூட்டுறவுக் கடைகள் பெருகியதும் அந்த ஆண்டுகளில்தான். வயல்காரர்களின் நெல்லை அரசாங்கம் கட்டாயக் கொள்முதல் செய்தது. குண்டுக்குப் பயந்து ஓடிய நாட்களைச் சிரித்துக்கொண்டே சொல்லும் பெரியப்பா, நெல் அளந்து கொடுத்த கதைக்கு வந்தால் மட்டும் குரலை உயர்த்துவார். படுவான்கரையில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் விதைநெல்லை வைக்கோல்போருக்குள் ஒளித்து வைத்ததையும், அடுத்த போகத்தில் அந்த நெல்தான் அரை ஊரின் வயலில் விழுந்தது என்பதையும் அவர் கேட்காமலே சொல்வார்.