ஹம் போனது, கூடவே மைக்கும் போனது

ரெக்கார்டிங் ரூமின் முழு வயரிங்கையும் நானே செய்தேன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்த காலம். ஸ்பீக்கரை ஆன் செய்தால் அடியில் ஒரே சீராக “ம்ம்ம்” என்று ஹம் இரைச்சல். கேபிள் மட்டமானது, ஷீல்டு (உள்கம்பிகளைச் சுற்றிய உலோகப் பின்னல்) போதவில்லை என்று நானாகவே முடிவுகட்டி, தடிமனான கேபிளாக மாற்றினேன். அதே ம்ம்ம்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கம்ப்ரஸரிலிருந்து (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) மிக்சருக்கு வரும் கேபிளைப் பிடுங்கினால் அமைதி, செருகினால் ம்ம்ம். இரண்டு கருவிகளும் வேறு வேறு பிளக் பாயிண்டில் எர்த் ஆகியிருந்தன, நடுவில் கேபிளின் ஷீல்டும் இரு முனையிலும் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டது, அந்த வளையத்தில்தான் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் சுற்றிக்கொண்டிருந்தது. பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிடு, சரியாகிவிடும் என்றார் ஒரு நண்பர். ஹம் போகும்தான், உள்ளே ஏதாவது லீக் ஆனால் தொட்ட ஆளும் போய்விடுவான். அந்தப் பக்கமே போகவில்லை.

எக்ஸ்எல்ஆரில், அதாவது மூன்று பின் ஆடியோ பிளக்கில், பின் 1 ஷீல்டு, 2 ஹாட் (hot), 3 கோல்டு (cold). பேலன்ஸ்டு லைனில் சிக்னல் ஷீல்டை நம்பாமல் 2, 3 என்ற இரண்டு கம்பிகள் வழியாகத்தான் போகிறது என்பதால் மிக்சர் பக்கத்து முனையில் மட்டும் ஷீல்டைத் துண்டித்தேன். ஹம் சுத்தமாக நின்றுவிட்டது. அந்த உற்சாகத்தில் இன்னும் நாலைந்து கேபிளை அப்படியே செய்து, எதிலும் அடையாளம் வைக்காமல், மற்ற கேபிள்களோடு ஒரே ஆணியில் மாட்டிவிட்டேன்.

சில மாதம் கழித்துப் பாட வந்தவர் கண்டென்சர் மைக் முன்னால் நிற்கிறார், சத்தமே இல்லை. பிரீஆம்ப் சேனலை மாற்றினேன், பேண்டம் சுவிட்சை (கேபிள் வழியாகவே மைக்குக்குக் கரண்ட் தருவது) நாலு தடவை தட்டினேன். சந்தேகத்தில் அதே கேபிளில் ஒரு டைனமிக் மைக்கை மாட்டினால் அது பேசுகிறது! அப்போ கேபிள் நல்லது, மைக்தான் செத்தது என்று சர்வீசுக்கு அனுப்பினேன். மைக்கில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேண்டமின் 48 வோல்ட் 2, 3 வழியாகப் போய் ஷீல்டு வழியாகத்தான் திரும்ப வேண்டும், திரும்புகிற பாதையை வெட்டியதே நான்தான். டைனமிக் மைக்குக்கு அந்தக் கரண்டே தேவையில்லை, அதனால்தான் பேசியது. இப்போது அந்தக் கேபிள்களுக்கெல்லாம் இரு முனையிலும் சிவப்பு ஸ்லீவ்.

இன்னொன்று, பவர் கேபிளிலிருந்து வரும் காந்தப்புல ஹம்மை செப்புப் பின்னல் பெரிதாகத் தடுப்பதில்லை. அதற்கு உள்ளே இருக்கும் இரண்டு கம்பிகளின் முறுக்குதான் கவசம். கரண்ட் வயரோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டாமல், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடந்தாலே பாதித் தொல்லை தீரும்.

*

அண்ணே, உங்கள் ஹம் கதையைப் படித்தேன். எனக்கு ஹம் இல்லை, செல்போன் இரைச்சல். கேபிளை எத்தனை மாற்றியும் போகவில்லை. கடைசியில் கருவியைத் திறந்தால், பின் 1 பெட்டியின் உலோகத்தில் சேராமல் நேராக சர்க்யூட் போர்டுக்குப் போகிறது, ஷீல்டு பிடித்த குப்பையெல்லாம் உள்ளே! 1995-இல் ஆடியோ என்ஜினியர் நீல் மன்சி எழுதிய கட்டுரைக்குப் பிறகு இதற்கு ‘பின் 1 பிராப்ளம்’ என்றே பெயர். அரை விரல் நீள வயரால் பின் 1-ஐப் பெட்டியோடு சேர்த்துப் பற்றவைத்தேன். போன் இப்போது கருவி மேலேயே கிடக்கிறது.