குறி பொருந்தியும் லோப் சென்டர் 5 டிகிரி விலகுகிறது: டர்போ ஹயபூசாவின் கேம் டைமிங்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 402 மீட்டர் டிராக் (drag, நேர்கோட்டு வேகப்) பந்தயத்துக்காக முதல் தலைமுறை சுஸுகி ஹயபூசா மோட்டார்சைக்கிள் எஞ்சின் ஒன்றை டர்போவுடன் (எரிந்த வாயுவால் சுழன்று, காற்றை எஞ்சினுக்குள் அழுத்தும் கருவி) கட்டிக்கொண்டிருக்கிறேன். 1299 சிசி, போர் 81 மி.மீ., ஸ்ட்ரோக் 63 மி.மீ. கம்பெனி பிஸ்டன்களின் 11:1 கம்ப்ரஷன் (கலவை நசுக்கப்படும் விகிதம்) பூஸ்ட்டுக்கு (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) அதிகம் என்பதால், சிலிண்டர் பிளாக்கின் அடியில் 1.5 மி.மீ. ஸ்பேசர் பிளேட் வைத்தேன். கணக்குப்படி கம்ப்ரஷன் 9.1:1 அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும்.

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுகளுக்கு, கோணத்தை நகர்த்தி அமைக்கக்கூடிய நீள்துளை ஸ்ப்ராக்கெட்டுகளை (செயின் பற்சக்கரங்கள்) பொருத்தி, துளைகளின் நடுவில் போல்ட்டுகளை நிறுத்தி, டைமிங் குறிகளைக் கையேட்டில் உள்ளபடியே சேர்த்தேன். கேமுக்கான அளவு அட்டையின்படி இன்டேக் (காற்று உள்ளே வரும் பக்கம்), எக்ஸாஸ்ட் (எரிந்த வாயு வெளியேறும் பக்கம்) இரண்டுக்கும் லோப் சென்டர், அதாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும் கிராங்க் கோணம், 108 டிகிரி வர வேண்டும். ஆனால் டிகிரி வீலும் (கிராங்க் கோணம் காட்டும் தட்டு) டயல் கேஜும் (நுண் அசைவை அளக்கும் கருவி) வைத்து, வால்வு 1 மி.மீ. உயரும் (லிஃப்ட்) நிலையில் அளந்தபோது, இன்டேக் வால்வு டி.டி.சி.க்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) 25 டிகிரி முன்பு திறந்து, பி.டி.சி.க்கு (பிஸ்டன் அடியில் நிற்கும் இடம்) 51 டிகிரி பின்பு மூடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு பி.டி.சி.க்கு 63 டிகிரி முன்பு திறந்து, டி.டி.சி.க்கு 17 டிகிரி பின்பு மூடுகிறது. அதாவது லோப் சென்டர் இன்டேக்குக்கு 103, எக்ஸாஸ்ட்டுக்கு 113.

செயின் ஒரு பல் தாவியிருக்குமா, அல்லது நான் அளந்த முறை தவறா? 1 பார் பூஸ்ட்டில் ஓட்டும் எண்ணத்துக்கு எந்த எண்களில் நிறுத்துவது நல்லது என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி

செயின் பல் தாவவில்லை. கேம் ஸ்ப்ராக்கெட் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது கிராங்க் 720 டிகிரி சுற்றுகிறது. முப்பதுக்கும் சற்று மேற்பட்ட பற்கள் உள்ள ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் தாவினாலே கிராங்கில் 20 டிகிரிக்கு மேல் காட்டும்.

உங்கள் எண்களைக் கூர்ந்து பாருங்கள். இன்டேக் 5 குறைந்திருக்கிறது, எக்ஸாஸ்ட் 5 கூடியிருக்கிறது. இன்டேக் லோப் சென்டரை டி.டி.சி.க்குப் பின்னும் எக்ஸாஸ்ட்டினுடையதை டி.டி.சி.க்கு முன்னும் எண்ணுகிறோம் என்பதால், இவ்விரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: இரண்டு கேம்களும் ஒவ்வொன்றும் 5 டிகிரி அட்வான்ஸ் (முன்கூட்டி நகர்வு) ஆகியிருக்கின்றன. இப்படி வருவதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, டிகிரி வீலின் பூஜ்யம் 5 டிகிரி தவறாக இருப்பது. பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது கிராங்க் சில டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் அசைவது தெரியாது என்பதால், டயல் கேஜைக் கண்ணால் பார்த்து டி.டி.சி.யைக் குறித்தவர்கள் பலர் இதில் ஏமாந்திருக்கிறார்கள். ஸ்பார்க் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பை வைத்து, இரு திசையிலும் மெதுவாகத் திருப்பி, பிஸ்டன் முட்டும் இரண்டு எண்களுக்கு நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். ஒருபுறம் 38, மறுபுறம் 44 என்று காட்டினால் வீல் 3 டிகிரி தவறு.

மற்றொன்று நீங்கள் வைத்த ஸ்பேசர், என் சந்தேகமும் அதன் மேல்தான். ஹெட் (கேம்கள் அமர்ந்திருக்கும் எஞ்சினின் மேல்பகுதி) 1.5 மி.மீ. உயர்ந்தபோது, கிராங்க் இழுக்கும் பக்கத்துச் செயினுக்கு அவ்வளவு கூடுதல் நீளம் தேவைப்படுகிறது. செயின் நீளாது, ஆகவே கேம் தான் சுற்றும் திசையிலேயே சற்று முன்னே திரும்பி அந்த நீளத்தைக் கொடுக்கிறது. எதிர்ப்பக்கத்து மாற்றத்தைச் செயினை இறுக்கிவைக்கும் டென்ஷனர் பார்த்துக்கொள்ளும். ஸ்ப்ராக்கெட்டில் செயின் படியும் வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 200 மி.மீ. என்று கொண்டால், ஒவ்வொரு மி.மீ. உயரமும் கிராங்கில் 3.6 டிகிரிக்குச் சமம். 1.5 மி.மீ.க்கு 5.4 டிகிரி. உங்கள் அளவு அதை ஒட்டியே இருக்கிறது. ஹெட்டைச் சீவினால் இதற்கு நேர்மாறாகக் கேம்கள் ரிடார்ட் ஆகும், அதாவது பின்தங்கும். எஞ்சினின் உயரம் மாறிவிட்டால் குறிகளை நம்பக் கூடாது என்று நான் வலியுறுத்திச் சொல்வது இதனால்தான்.

இரண்டாம் மறுமொழி

காரணத்தை மேலே உள்ளவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றி என் கருத்து இது.

எக்ஸாஸ்ட்டை 112இல் வையுங்கள். ஒரு டிகிரி மட்டும் நகர்த்தினால் போதும். டர்போவுக்கு இது பொருத்தமான இடம். எக்ஸாஸ்ட் வால்வு முன்கூட்டித் திறந்தால், சிலிண்டரில் அழுத்தமும் வெப்பமும் மிகுந்திருக்கும்போதே வாயு டர்பைனுக்குப் போய்ச் சேருகிறது. இன்டேக்கை 103இலிருந்து 110க்கு ரிடார்ட் செய்யுங்கள். கிராங்கில் 7 டிகிரி என்பது ஸ்ப்ராக்கெட்டில் 3.5 டிகிரிதான் என்பதை மறந்து இரு மடங்கு நகர்த்திவிட வேண்டாம்.

அப்போது இன்டேக் டி.டி.சி.க்கு 18 டிகிரி முன்பு திறக்கும், எக்ஸாஸ்ட் 18 டிகிரி பின்பு மூடும். ஓவர்லேப் (இரண்டு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் கோணம்) 42இலிருந்து 36 டிகிரியாகக் குறையும். இந்த 6 டிகிரிதான் இங்கே முக்கியம். தெருவண்டிக்கு ஏற்ற சிறிய டர்போவில், டர்பைனுக்கு முன்னால் தேங்கும் அழுத்தம் பூஸ்ட்டை விட அதிகமாக இருக்கும். இரண்டு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரத்தில் எரிந்த வாயு சிலிண்டருக்குள் திரும்புகிறது. புதுக் காற்றுக்கு இடம் குறைகிறது, வெப்பம் ஏறுகிறது, நாக்கிங் (கலவை தானாக வெடித்து எஞ்சினைத் தாக்குவது) நெருங்குகிறது. டர்போ இல்லாமல் ஓடும் எஞ்சினுக்கு வரமாக இருக்கும் ஓவர்லேப் இங்கே சுமையாக மாறுவது இப்படித்தான்.

மூன்றாம் மறுமொழி

110, 112 தொடங்குவதற்கு நல்ல எண்கள். ஆனால் அவற்றையே முடிவாகக் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டர்பைன் பெரிதாக இருந்து, அதன் முன்னழுத்தம் பூஸ்ட்டுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால், ஓவர்லேப் நன்மை செய்யும். உள்ளே வரும் காற்று எரிந்த வாயுவைத் தள்ளி வெளியேற்றும். அமெரிக்காவின் மேரிலாந்து போன்ற இடங்களில் வீலி பார் (முன்சக்கரம் தூக்காமல் தடுக்கும் பின்தாங்கி) இல்லாமல் 7 விநாடிக்கும் குறைவாக ஓடும் ப்ரோ ஸ்ட்ரீட் பந்தயப் பிரிவு டர்போ ஹயபூசாக்களின் எண்களை எடுத்து, சிறிய டர்போ பூட்டிய வண்டியில் வைப்பதால் பயன் இல்லை. ஹெடரில் (எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதி) டர்பைனுக்கு முன் ஒரு துளையிட்டு, சூடு தணியும்படி சுருள் செம்புக் குழாய் வழியாகப் பிரஷர் கேஜை இணையுங்கள். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் கேமை எப்பக்கம் நகர்த்த வேண்டும் என்பதை அந்தக் கேஜ் சொல்லிவிடும்.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கட்டாயம் அளக்க வேண்டும். ஸ்பேசர் வைத்திருப்பதால் இடம் தாராளமாக இருக்கும், இன்டேக்கை ரிடார்ட் செய்வதும் பாதுகாப்பான பக்கம்தான். ஆயினும் இன்டேக்கில் 1 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 1.5 மி.மீ. என்பதற்குக் கீழே போக நான் சம்மதிக்க மாட்டேன். இன்டேக்கில் டி.டி.சி.க்கு ஏறத்தாழ 10 டிகிரி பின்பும், எக்ஸாஸ்ட்டில் 10 டிகிரி முன்பும்தான் இரண்டும் மிக நெருங்கும். டி.டி.சி.யில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்தியதால் நான்கு இன்டேக் வால்வுகளை வளைத்துக்கொண்டவன் நான்.

வால்வு டைமிங்கை அளக்கும்போது கிராங்கை எஞ்சின் ஓடும் திசையில் மட்டுமே திருப்புங்கள். குறியைத் தாண்டிவிட்டால் பின்னே இழுக்காமல் மீண்டும் இரண்டு சுற்று வாருங்கள். ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, த்ரெட் லாக்கர் இட்டு, டார்க் ரெஞ்சால் முறுக்கிய பிறகு மறுபடி அளங்கள், ஏனெனில் முறுக்கும்போதே ஓரிரு டிகிரி நழுவுவது உண்டு. ஸ்பேசரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: அது கம்ப்ரஷனைக் குறைத்தாலும், பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடையிலிருந்த நெருக்கத்தைக் கெடுத்து எரிதலை மந்தமாக்குகிறது. பூஸ்ட்டை மேலும் ஏற்றும் நாளில் குறைந்த கம்ப்ரஷன் ஃபோர்ஜ்டு பிஸ்டன்களுக்கு மாறி, ஸ்பேசரை எடுத்துவிடுங்கள். அன்றைக்கு கேம் டைமிங்கை முதலிலிருந்து மீண்டும் அளக்க வேண்டியிருக்கும்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பிஸ்டன் ஸ்டாப் வைத்துப் பார்த்தேன். பூஜ்யம் சரியாகவே இருந்தது, ஆகவே விலகலுக்குக் காரணம் ஸ்பேசர்தான். இன்டேக்கை 110, எக்ஸாஸ்ட்டை 112 என நிறுத்தி, போல்ட்டுகளை முறுக்கிய பின் அளந்தபோது இன்டேக் 111க்கு நழுவியிருந்தது. தளர்த்தி மறுபடி அமைத்து, இரண்டாம் முறை 110இல் நின்றது. இடைவெளி இன்டேக்கில் 2.6 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 3 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. ஹெடரில் கேஜுக்கான துளையை இந்த வாரம் இடுகிறேன். டைனோவில் (எஞ்சின் ஆற்றலை அளக்கும் இயந்திரம்) 1 பார் பூஸ்ட்டில் முன்னழுத்தம் என்ன காட்டுகிறது என்பதைப் பார்த்த பிறகே இன்டேக்கை மீண்டும் தொடுவேன்.